ஒன்பது வயது என்று எழுதியவள்

“மனவயது: ஒன்பது ஆண்டுகள்.” ஆங்கிலத்தில் இந்த வரியை எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டு, மையத்தின் முத்திரையையும் குத்தியவள் நான். வேறு யார்மேலும் பழிபோட இதில் இடமில்லை. எனக்குப் பிறர்மேல் கோபம் நிறைய உண்டு. அதையெல்லாம் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்களுக்கு ஞாபகம், கவனம், நிதானம், பேச்சு இவற்றில் எது மிச்சம், எது போய்விட்டது என்று சோதித்துப் பார்ப்பது என் வேலை. போனதை முடிந்த மட்டும் பயிற்சியால் மீட்பதும், மீளாததைச் சுற்றிக்கொண்டு வாழ வழி தேடிக் கொடுப்பதும் அதோடு சேர்ந்தது. நரம்பு உளவியலாளர் என்று பெயர். காரைக்காலில் அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ‘மூளைக்கு டியூஷன் எடுக்குற அம்மா’ என்பார்கள். நெடுங்காடு பக்கத்தில் நெல் விவசாயமும் கொம்யூன் பஞ்சாயத்தில் குமாஸ்தா வேலையுமாக இருந்த என் அப்பாவே சொந்தக்காரர்களிடம், “பொண்ணு டாக்டர் மாதிரி, ஆனா டாக்டர் இல்ல” என்றுதான் விளக்குவார்.

வெளியூரில் பெரிய மருத்துவமனை ஒன்றில் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு, ஓர் அறக்கட்டளை காரைக்காலில் நடத்திய சிறிய மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தேன். இரண்டு அறை, ஒரு வராந்தா. அதோடு வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறிப்போய் ஒரு கல்லூரியில் முதுகலை மாணவர்களுக்குப் பாடம் எடுத்தேன். சோதனை செய்வது எப்படி, மதிப்பெண் போடுவது எப்படி, அறிக்கை எழுதுவது எப்படி என்பதுதான் என் பாடம். நன்றாக எடுக்கிறேன் என்று பெயரும் இருந்தது.

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் வெளிநாட்டுத் தேர்வு ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்து வைத்திருந்தார். தமிழ்நாடு, புதுச்சேரி முழுவதும் தலைக்காயப்பட்டவர்களுக்கு அதைக் கொடுத்து மதிப்பெண்களைத் திரட்டுவது அவருடைய திட்டம். கடற்கரைப் பகுதி என் பொறுப்பு. நூறு பேரைச் சோதித்து அனுப்ப வேண்டும். நான் பெருமையாக ஒத்துக்கொண்டேன்.

சுனாமி அலை வந்து இரண்டு வருஷம் கழிந்திருந்தது. ஒரு நாள் கருக்களாச்சேரியிலிருந்து ஒருவர் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் விசைப்படகில் வேலை செய்பவர். அந்த அம்மாவுக்கு முப்பத்தி நாலு வயது. காரைக்கால் மார்க்கெட்டில் மீன் விற்பவர். ஆறு மாதத்துக்கு முன்பு, கணவர் ஓட்டிய வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனபோது புடவை முந்தானை சக்கரத்தில் சிக்கி, பட்டினம் ரோட்டில் மல்லாந்து விழுந்திருக்கிறார். பின்மண்டையில் அடி. ஸ்கேனில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதியில் ரத்தக்கட்டு. ஆபரேஷன் வேண்டாம் என்று பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கை வேலை செய்கிறது, கால் நடக்கிறது, பேச்சு தெளிவாக இருக்கிறது, எல்லாம் சரியாகிவிட்டது என்று சீட்டில் எழுதியிருந்தார்கள்.

“ஒண்ணும் சரியாகலீங்க,” என்றார் கணவர். “யாரு எவருன்னு பாக்காம ஏசுறா. அடுப்புல வச்சத மறந்துடுறா. எங்கம்மாவ நடுத்தெருவுல வச்சு ஒரு வார்த்தை சொன்னா பாருங்க, அத ஒங்ககிட்ட சொல்ல முடியாது.” பிறகு, அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, தாழ்ந்த குரலில் சொன்னார். “நான் கட்டிக்கிட்டவ இவ இல்லீங்க.”

அவர் அழுதார். அந்த அழுகை பொய்யில்லை. இதையும் நான் எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் அவர்மேல் எனக்கு வந்த கோபத்தில் இதை மறந்துவிடப் பார்த்தேன்.

அந்த அம்மாவைத் தனியாக உள்ளே அழைத்துத் தேர்வைத் தொடங்கினேன். இலையுதிர் காலத்துக்கு அடுத்து எந்தக் காலம் வரும்? தெரியாதுங்க. படத்தில் இருக்கும் இந்தக் கையுறையில் என்ன குறை? தெரியாதுங்க. நூலகத்தில் எடுத்த புத்தகத்தைத் தொலைத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? தெரியாதுங்க. நான் ஸ்டாப்வாட்ச்சை அமுக்கிக்கொண்டே இருந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, கேள்வி முடிவதற்குள்ளேயே ‘தெரியாதுங்க’ என்றார். மதிப்பெண்ணைக் கூட்டி, அட்டவணையில் தேடினேன். அட்டவணை ஒன்பது என்றது. எழுதினேன். மூன்றாம் நாள் கணவர் வந்து கேட்டபோது அறிக்கையை அவர் கையில் கொடுத்தேன். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு பிரதி பேராசிரியருக்குப் போனது.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலைப்பொழுதில், வராந்தாவில் ஒரு சத்தம். “யாருங்க இங்க மூளைக்குப் பரிட்சை வைக்கிற அம்மா?” மீன்கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே ஒரு பெண் நின்றிருந்தார். அந்த அம்மாவின் அக்கா, கோட்டுச்சேரிமேட்டுக்காரர். மடியிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்து என் மேஜைமேல் போட்டார். கோர்ட்டு நோட்டீஸ். மனைவி மனநிலை சரியில்லாதவர், குடும்பம் நடத்தத் தகுதியற்றவர், ஆகவே விவாகரத்து வேண்டும், மகளைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும் என்று கணவர் மனுப் போட்டிருந்தார். பின்னால் என் அறிக்கை இணைக்கப்பட்டிருந்தது. ஒன்பது வயது என்ற வரிக்கு அடியில் யாரோ சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தார்கள்.

“நீங்க எழுதுனதாம்ல?”

“ஆமாம்மா.”

“எந்தங்கச்சிக்கு ஒம்போது வயசா? பதினொரு வயசுல பொண்ணு இருக்குது அவளுக்கு. ஒம்போது வயசுப் புள்ள பதினொரு வயசுப் புள்ளயப் பெத்துச்சா? படிச்சவங்கதான நீங்க?”

அப்படியெல்லாம் அர்த்தமில்லை, அது ஒரு அளவு, ஒரு கணக்கு என்று நான் விளக்கப் போனேன். வாயிலிருந்து வந்த ஒவ்வொரு வார்த்தையும் எனக்கே கேவலமாகக் கேட்டது. அந்தப் பெண் விடவில்லை. மார்க்கெட்டில் தங்கச்சி இரண்டு முறை நாறிப்போன மீனை விற்று, வாங்கியவர்கள் திரும்பிவந்து சண்டை போட்டதையும், வேண்டுமென்றே செய்கிறாள் என்று மாமியார் வீட்டில் சொன்னதையும் சொன்னார். “அவளுக்கு நாத்தம் தெரியலீங்க. விழுந்ததுலேர்ந்து ஒரு வாடையும் தெரியல. நான் சொன்னா ஒருத்தரும் நம்பல.”

பின்மண்டையில் அடிபட்டால் மூளை முன்பக்கம் போய் மோதும், மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நுண்ணிய நரம்புகள் அறுந்துபோகும். இதை நான் வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். மீன் விற்கும் பெண்ணை ஒரு முழுக் காலை எதிரே உட்கார வைத்துக் கையுறையைப் பற்றிக் கேட்டேன். வாசனை தெரிகிறதா என்று கேட்கவில்லை. தேர்வுத்தாளில் அந்தக் கேள்வி இல்லை, அதனால் கேட்கவில்லை.

அடுத்த நாளே கோட்டுச்சேரிமேட்டுக்குப் போனேன். அந்த அம்மா அக்கா வீட்டில் இருந்தார். என்னைப் பார்த்ததும், “திரும்பியும் கேள்வியா?” என்றார்.

காப்பித்தூள், பெருங்காயம், கற்பூரம், கிராம்பு எல்லாம் பொட்டலமாக எடுத்துப் போயிருந்தேன். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாக மூக்கருகே நீட்டினேன். ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க. கடைசியில் அக்கா உள்ளே போய் ஒரு கருவாட்டை எடுத்துவந்து நீட்டினார். “ஒண்ணுமில்ல.” “கருவாடுடி,” என்றார் அக்கா. அந்த அம்மா சட்டென்று கண்ணைத் திறந்தார். கருவாட்டைப் பிடுங்கி மூக்கோடு வைத்து அழுத்தினார். பிறகு அதைச் சுவரில் விட்டெறிந்துவிட்டு, எங்கள் இருவரையும் வாய்க்கு வந்தபடி ஏசினார். ஏசி முடித்துச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

அவர் அடங்கிய பிறகு, அன்றைக்குத் தேர்வில் ஏன் எல்லாவற்றுக்கும் தெரியாது என்று சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“அலைக்கப்புறம் இந்த மாதிரி எத்தன பேரு வந்தாங்க டாக்டரம்மா. நோட்டும் பேனாவுமா. தூக்கம் வருதா, கடலப் பாத்தா பயமா இருக்கா, செத்தவங்க கனவுல வராங்களான்னு. ஒண்ணு சொன்னா அதுலேர்ந்து பத்து கேப்பாங்க. தெரியாதுன்னா அடுத்த வீட்டுக்குப் போயிருவாங்க. நீங்களும் அந்த மாதிரின்னு நெனச்சேன்.”

அவர் நினைத்ததில் தவறு ஒன்றும் இல்லை. நானும் நோட்டும் பேனாவுமாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு வாரம் இரண்டு முறை போனேன். மையத்தில் பதிவேட்டில் எழுதாமல், சில நாள் பாடம் எடுக்கப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டுப் போனேன். மார்க்கெட்டில் அவருக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து கவனித்தேன். நான்கு பேர் ஒரே நேரத்தில் நான்கு வகை மீனுக்குப் பேரம் பேசினால், யார் எதற்கு எவ்வளவு சொன்னார்கள் என்று அவருக்குக் குழப்பமில்லை. யார் வாங்குவார், யார் சும்மா கிளறிவிட்டுப் போவார் என்று முகத்தைப் பார்த்தே சொன்னார். ஆனால், “சங்கராவை எடுத்து வையும்மா, திரும்பி வரும்போது வாங்கிக்கிறேன்” என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனால், அது பத்து நிமிஷத்தில் மறந்துபோகும். வேறு யாருக்காவது விற்றுவிடுவார். சொன்னவர் வந்து கேட்டால் அவரிடமே எகிறுவார். காயம் இருந்தது. அது இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. காயம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதைப் பார்க்க அந்த மரப்பெட்டியில்தான் உட்கார வேண்டியிருந்தது.

அக்காவும் நானும் சேர்ந்து சில வழிகள் கண்டுபிடித்தோம். யாராவது எடுத்து வைக்கச் சொன்னால், அந்த மீனின் வாலில் ஒரு கலர் நூலைச் சுற்றிவிட வேண்டும். நூல் கட்டிய மீன் விற்பனைக்கு இல்லை. வாசனைக்குப் பதிலாகச் செவுளை விரித்து நிறம் பார்ப்பது, கண் பளபளப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது, விரலால் அழுத்தினால் குழி எழும்புகிறதா என்று பார்ப்பது. இதெல்லாம் அவருக்கு ஏற்கனவே தெரிந்ததுதான், மூக்கு இருந்த தைரியத்தில் செய்யாமல் விட்டிருந்தார். கோபம் ஏறும்போது அக்கா, “தண்ணி குடி” என்பார். அந்த அம்மா உடனே எழுந்து கடைசிக் கடைப் பானைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும். முதல் மாதம் அக்காவையும் சேர்த்து ஏசினார். மூன்றாம் மாதம் தானாகவே எழுந்து போனார். நாறிய மீன் என்ற புகார் அதற்குப் பிறகு வரவில்லை.

பேராசிரியரிடம் தொலைபேசியில் பேசினேன். இந்தத் தேர்வு எங்கள் கடற்கரைக்குப் பொருந்தவில்லை, நான் அனுப்பிய மதிப்பெண்களை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுங்கள், கோர்ட்டில் என் அறிக்கை தவறு என்று சொல்லப் போகிறேன் என்றேன்.

“ஏம்மா, ஒரு மீன்காரிக்காக நம்ம எல்லாரையும் முட்டாளாக்கப் போறியா?” என்றார். “அவளுக்கு மூளையில காயம் இருக்கா இல்லையா?”

“இருக்கு சார்.”

“அப்புறம் என்ன? மார்க் கம்மியாத்தான் வரும். நீ கொஞ்சம் உணர்ச்சிவசப்படுறே. ஊர்க்காரங்களோட ரொம்ப ஒட்டிட்டே.”

“சார், இலையுதிர் காலம்னு ஒண்ணு இங்க கிடையாது. எங்க ஊர்ல இலை உதிர்றதுக்குக் காலம் எல்லாம் இல்ல.”

“அதெல்லாம் தரப்படுத்துறப்ப சரியாகிடும்,” என்றார். மதிப்பெண்களை எடுக்க முடியாது, அவை திட்டத்தின் சொத்து என்றும் சொன்னார். நான் போனை வைத்துவிட்டு, மையத்தின் வராந்தாவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்துகொண்டே இருந்தேன். அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்கள் ஒவ்வொன்றாக அப்போதுதான் வந்தன.

நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நின்ற அந்த நாளை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. கணவர் தரப்பு வழக்கறிஞர் நல்ல பேச்சுக்காரர். என் அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“மேடம், இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமாம். ஆனால் அந்த மனவயது என்பது…”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஆமா, இல்ல, அவ்வளவுதான். உங்க கையெழுத்தா?”

“ஆமாம்.”

“எதிர்மனுதாரருக்கு மூளையில காயம் இருக்கா?”

“இருக்கு. ஆனால் எந்தப் பகுதியில், எதை அது…”

“இருக்குன்னு சொல்லிட்டீங்க. இதே தேர்வ வேற எத்தன பேருக்கு வச்சிருக்கீங்க?”

“எழுபது பேருக்கு மேல்.”

“அந்த எழுபது பேரு அறிக்கையும் தப்பா?”

பதில் ஆமாம் என்பதுதான். அதை அந்த நிமிஷம் வரை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. பாவாடை கட்டிய பள்ளிக்கூடப் பிள்ளைகளிலிருந்து கட்டுமரக்காரர் வரை எழுபது முகங்கள். யார் யார் கையில் அந்தக் காகிதங்கள் இருக்கின்றன, அவற்றைக் காட்டி யார் எதைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

“ஆமாம்,” என்றேன் கடைசியில்.

வழக்கறிஞர் சிரித்தார். “அப்ப உங்க இன்னைய சாட்சிய மட்டும் எப்படி மேடம் நம்புறது?” நீதிமன்றத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். கணவர் சிரிக்கவில்லை, தலை குனிந்திருந்தார். பின்வரிசையில் அந்த அம்மா எழுந்து நின்று, “ஏன்யா, அவங்களப் பேச விடுய்யா!” என்று கத்தினார். அக்கா கையைப் பிடித்து இழுப்பதற்குள், வழக்கறிஞரின் பரம்பரையை இழுத்து இரண்டு வார்த்தைகளும் சொல்லிவிட்டார். “கனம் நீதிபதி அவர்கள் இதையும் கவனிக்கணும்,” என்றார் வழக்கறிஞர். எனக்காகப் பேசப் போய் அந்த அம்மா தன் வழக்கைக் கெடுத்துக்கொண்டார்.

நீதிபதி, வெளியூரில் உள்ள மருத்துவக் குழு ஒன்று அந்த அம்மாவைப் புதிதாகப் பரிசோதித்து அறிக்கை தர வேண்டும் என்று உத்தரவிட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது. வேறு யாராவது நிதானமாகப் பார்த்தால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். வாசனை தெரியாததைப் பற்றி, மார்க்கெட்டில் கவனித்ததைப் பற்றி, கேள்விகளுக்கு அவர் ஏன் அப்படிப் பதில் சொல்வார் என்பதைப் பற்றிப் பதினோரு பக்கத்துக்கு எழுதிக் குழுவுக்கு அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்துக் குழுவின் அறிக்கை வந்தது. மனவயது எட்டரை.

அதே தேர்வு. அதே கையுறை. கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தேன். என்னிடம் படித்த பெண். வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து, நான் சொல்வதில் ஒரு வார்த்தை விடாமல் எழுதுவாள். அவளுடைய தொலைபேசி எண்ணைத் தேடிப்பிடித்துப் பேசினேன்.

“நான் அனுப்பினதைப் படிச்சியா?”

“ஃபைல்ல இருந்துச்சு மேடம். ஆனா சோதனை முடியற வரைக்கும் முந்தின அறிக்கை எதையும் பாக்கக் கூடாது, பாத்தா நம்ம கணிப்பு சாஞ்சிடும்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க.”

“முடிச்ச அப்புறம்?”

“மதிப்பெண் வந்த பிறகு அத மாத்தி எழுதக் கூடாதுன்னும் சொல்லியிருக்கீங்க மேடம்.” குரலில் பயம் இருந்தது. “நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் எல்லாம் செஞ்சேன். ஏதாவது தப்பா மேடம்?”

அவளிடம் நான் கத்தினேன். வாழ்க்கையில் ஒரு மாணவியிடம் அப்படிக் கத்தியதில்லை. அவள் அழுதுகொண்டே, “சாரி மேடம், சாரி மேடம்” என்றாள். என்ன தவறு செய்தாள் அவள்? ஒன்றுமில்லை. நான்கு வருஷம் நான் எதை நல்ல பாடம் என்று நடத்தினேனோ அதைப் பிசகாமல் செய்திருந்தாள். அவளைப் போல எத்தனை பேரை ஊர் ஊராக அனுப்பியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

விவாகரத்து கிடைத்தது. மகள் தகப்பனிடம். சனிக்கிழமைகளில் மட்டும் தாயைப் பார்க்கலாம். தீர்ப்பில் இரண்டு அறிக்கைகளும் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன, இரண்டும் ஒன்றையொன்று உறுதிசெய்வதாக. அதே வருஷக் கடைசியில் பேராசிரியரின் கட்டுரை வெளிவந்தது. நான் அனுப்பிய மதிப்பெண்கள் எல்லாம் அதில் இருந்தன. கடற்கரை மக்களிடம் தலைக்காயத்தின் பாதிப்பு மற்ற இடங்களைவிடக் கடுமையாகக் காணப்படுகிறது, காரணம் மேலும் ஆராயப்பட வேண்டும் என்று முடித்திருந்தார். உதவியதற்கு எனக்கு நன்றி சொல்லியிருந்தார். அதை வெளியிட்ட ஆய்வுப் பத்திரிகைக்கு மூன்று முறை எழுதினேன். பதில் இல்லை.

தீர்ப்பு வந்து ஒரு மாதம் அந்தப் பக்கம் போக எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு போனேன். அந்த அம்மா வியாபாரம் முடிந்து, வீட்டு வாசலில் மீன் கொண்டுபோகும் அன்னக்கூடையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“டாக்டரம்மா, அந்தக் காயிதம் வச்சிருக்கீங்களா?”

பையில் இருந்தது. எப்போதும் இருந்தது.

“இத்தன பேரு படிச்சாங்க. கோர்ட்டுல படிச்சாங்க, எம்புருசன் யாரையோ வச்சுப் படிச்சாரு. எங்கிட்ட ஒருத்தரும் படிச்சுக் காட்டல. படிங்க.”

கல்லில் உட்கார்ந்து, ஆங்கில வரிகளை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். ஒத்துழைப்பு குறைவு என்றேன்.

“வரச் சொன்ன அன்னைக்கு வந்தேன். உக்காரச் சொன்ன எடத்துல உக்காந்தேன். அதுக்கு மேல என்ன ஒத்துழைப்பு?”

பொது அறிவு மிகக் குறைவு.

“எந்தப் பொது?”

கோபத்தை அடக்கும் திறன் பாதிக்கப்பட்டிருக்கிறது. அவர் கொஞ்சம் யோசித்தார். “அது சரிதான். அது இருக்கட்டும். மேல படிங்க.”

கடைசி வரியைப் படித்தேன். அவருடைய கை நின்றது.

“எம் பொண்ணவிட என்னச் சின்னவன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா.”

“எழுதுறப்ப ஒங்களுக்கு ஒண்ணும் தோணலியா?”

பொய் சொல்ல இடம் இருந்தது. அவசரம், வேலைப்பளு, திட்டத்தின் விதி, எதையாவது சொல்லியிருக்கலாம். “தோணல,” என்றேன்.

அவர் கூடையைக் கவிழ்த்து வைத்தார். “இன்னைக்கு ஒங்க மூஞ்சியப் பாக்க எனக்குப் புடிக்கல. போயிட்டுச் சனிக்கிழமை வாங்க. புள்ள வரும். அவளுக்கும் படிச்சுக் காட்டணும். அங்க என்னென்னவோ சொல்லி வச்சிருக்காங்க. எழுதுனவங்க வாயால அவ கேக்கட்டும்.”

சனிக்கிழமை போனேன். பள்ளிக்கூட ரிப்பனோடு அந்தப் பெண் தாயை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மீண்டும் முதலிலிருந்து படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் தாய் தன் பதிலைச் சொன்னார், அன்றைக்குச் சொன்னதைவிடச் சத்தமாக. மகள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் என்னைப் பார்த்து, “அம்மாவுக்கு வாசனை தெரியாதுன்னு இதுல எங்க இருக்கு?” என்றாள்.

“இதுல இல்லம்மா. நான் கேக்கல.”

“கேட்டிருந்தா?”

“வேற மாதிரி எழுதியிருப்பேன்.”

“அப்ப நான் அம்மாகூட இருந்திருப்பேனா?”

இருந்திருக்கலாம் என்றேன். அந்தப் பெண் எழுந்து உள்ளே போய்விட்டாள். பிறகு வெளியே வரவில்லை. அவளுடைய அத்தை அழைத்துப்போக வந்தபோது, வர மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். கடைசியில் தாயே கதவைத் தட்டி, சமாதானம் சொல்லி, கையைப் பிடித்து பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டார். நிதானம் இல்லாதவர் என்று நான் எழுதிய பெண்.

இரண்டு வருஷம் கழித்து, கணவர் மறுமணம் செய்துகொண்ட பிறகு, மகள் தானாகவே பையைத் தூக்கிக்கொண்டு கோட்டுச்சேரிமேட்டுக்கு வந்துவிட்டாள். யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. தகப்பன் அவளுடைய புத்தகங்களைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார் என்று அக்கா சொன்னார்.

நான் மையத்தை விட்டேன். சோதித்த எழுபது பேரின் முகவரிகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பாதிப் பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடித்தவர்களில் சிலர் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்கள், நல்ல சான்றிதழ் என்று நினைத்துக்கொண்டு. கிழிக்கவா என்று கேட்டால் தர மறுத்தார்கள். பேராசிரியரின் தேர்வுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது, வண்ண அட்டையோடு. வாங்கிப் பார்த்தேன். கையுறைப் படத்தை இன்னும் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள்.